மக்காச்சோளக் கட்டை, முட்டை ஓடு, பனியன் துணி: பட்டறைக் கழிவுக் கூலன்ட்டை வெயிலில் வடிப்பது எப்படி

திங்கட்கிழமை காலையில் லேத்தைப் போட்டதும் பட்டறை முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், கூலன்ட்டின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். கூலன்ட் என்பது, உலோகம் கடையும்போது சூட்டைத் தணிக்க ஊற்றும், ஆயில் கலந்த பால் போன்ற தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் நிற்கும்போது, மெஷினின் நகரும் பாகம் ஓடும் தடமான கைடுவேயிலிருந்து வழிந்த ஆயில் கூலன்ட் தொட்டியின் மேல் ஏடு கட்டி, காற்றை உள்ளே விடாமல் அடைத்துவிடுகிறது. காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகின்றன. அந்த வெள்ளைப் பாலை என்ன செய்வது என்பதுதான் சின்னப் பட்டறைகளின் தலைவலி.

5 சதவீதம் கலந்த கூலன்ட் 100 லிட்டர் இருந்தால் அதில் ஏறக்குறைய 95 லிட்டர் வெறும் தண்ணீர். மீதிதான் ஆயிலும், அதைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் சோப்புப் பொருளும், துருத் தடுப்பானும். மொத்தத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பினால் தண்ணீருக்குத்தான் வாடகை கொடுக்கிறோம். சாக்கடையில் ஊற்றினால் அத்தனை ஆயிலும் நொய்யலில் போய்ச் சேரும். ஆற்றில் விட்ட கழிவு அணையில் தேங்கினால் என்ன ஆகும் என்பதை திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை கொங்குப் பகுதிக்கு நன்றாகவே காட்டியிருக்கிறது. தண்ணீரைத் தனியே பிரித்துத் திரும்பப் பயன்படுத்தி, மிஞ்சும் கொஞ்சம் கழிவை மட்டும் முறையாக ஒப்படைப்பதுதான் சரியான வழி. அதற்கு வேண்டிய வெயில் நம்மிடம் தாராளமாக உண்டு. சாமான்களில் பாதி, சாப்பாட்டுக் கழிவிலேயே கிடைத்துவிடும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் கடைசி வேலையை மட்டும் விட வேண்டும். அதாவது, கண்ணாடி மூடிய வெயில் தொட்டியில் தண்ணீரை ஆவியாக்கி, கண்ணாடியில் படிவதை வடித்துப் பிடிப்பது. ஆயிலோடு அப்படியே வெயில் தொட்டியில் ஊற்றினால், தண்ணீர் ஆவியாகும் இடத்திலெல்லாம் ஆயில் படிந்து இரண்டே வாரத்தில் தொட்டி படுத்துவிடும். முதலில் மேலாகத் திரண்டதை வழித்தெடுத்து, பாலைத் திரியவைத்து, கரியில் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் வெயில்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க சுமார் 0.65 யூனிட் (கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட்) வெப்பம் வேண்டும். கொங்குப் பகுதியில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 முதல் 5.5 யூனிட் வரை வெயில் விழுகிறது. ஒரு துளி வெப்பம்கூட வீணாகாவிட்டால் 8 லிட்டர். கண்ணாடி மூடிய சாதாரணத் தொட்டியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. 3 லிட்டர் என்று கணக்கு வைத்தால் ஏமாற்றம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் ஒரு லிட்டருக்கும் கீழே போகும்.

அதாவது ஒரு சதுர மீட்டர் தொட்டி, 50 லிட்டரை முடிக்க வெயில் காலத்தில் 15 நாள் எடுக்கும். இரண்டு மூன்று லேத் உள்ள பட்டறைக்கு இது போதும். தினம் பத்து வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனுக்கு இது கட்டுப்படியாகாது. அங்கே கரி வடிகட்டி வரை மட்டும் செய்து, அந்தத் தண்ணீரை அண்டர்பாடி கழுவத் திரும்பப் பயன்படுத்துங்கள்.

எந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது

பெட்ரோல், டீசல், தின்னர், மண்ணெண்ணெய் வாசம் வருகிற தண்ணீரை வெயில் தொட்டியில் ஊற்றவே கூடாது. எஞ்சின் ஆயிலும் கட்டிங் ஆயிலும் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால்தான் கொதிக்கும்; 60 டிகிரித் தொட்டியில் அவை கீழேயே தங்கிவிடும். பெட்ரோல் 35 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்குகிறது. அது நீராவிக்கு முன்னால் மேலே ஏறி, வடித்த தண்ணீரையும் கெடுக்கும், கண்ணாடிக்குக் கீழே தீப்பிடிக்கிற வாயுவாகவும் நிற்கும்.

பிளேட்டிங் (முலாம் பூசும்) பட்டறைத் தண்ணீரும், சயனைடு உப்பில் ஹீட் ட்ரீட்மென்ட் செய்த பொருளைக் கழுவிய தண்ணீரும் இதில் ஒரு சொட்டுக்கூடச் சேரக் கூடாது. அடுத்துப் படிகாரம் போடப்போகிறோம். அது தண்ணீரை அமிலமாக்கும். அமிலமும் சயனைடும் சேர்ந்தால் ஆளைக் கொல்லும் வாயு வரும்.

வேண்டிய சாமான்

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டை 25 கிலோ, நன்றாகக் காய்ந்தது. உடுமலை, பல்லடம், பொள்ளாச்சி சுற்றுவட்டாரத்தில் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் உதிர்க்கும் களங்களில் குவிந்து கிடக்கும். பூஞ்சை பிடித்து உள்ளே கறுத்ததைத் தள்ளிவிடுங்கள். வடிகட்டியில் போடும் கரிக்கு மட்டும் காங்கேயம் பக்கம் கிடைக்கும் தேங்காய்த் தொட்டிக்கரியும் ஆகும். வெயில் தொட்டிக்கு மக்காச்சோளக் கட்டைதான் நல்லது. அதன் நடுவில் பஞ்சு போன்ற நெட்டி இருக்கிறது. கரியான பிறகும் அந்தத் துளைகள் அப்படியே நின்று தண்ணீரை மேலே உறிஞ்சும். தேங்காய்த் தொட்டிக்கரி கல் மாதிரி இறுக்கமானது.

முட்டை ஓடு, புரோட்டாக் கடையிலோ பேக்கரியிலோ கேட்டு வாங்கியது. ஒரு தட்டுக்கு 30 முட்டை என்றால் சுமார் 150 கிராம் ஓடு தேறும். படிகாரம் அரைக் கிலோ. வெள்ளைப் பருத்திப் பனியன் துணி இரண்டு கிலோ. திருப்பூர் கட்டிங் வேஸ்ட்டில் எடை போட்டு வாங்கலாம். பாலியஸ்டர் கலந்த துணி தண்ணீரை ஏற்றாது. ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: சாம்பலானால் பருத்தி, உருண்டு கட்டியானால் பாலியஸ்டர்.

இவை தவிர ஒரு அங்குல தெர்மோகோல் ஷீட், 50 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் மூன்று, 20 கேஜ் இரும்புத் தகடு, கறுப்பு எப்பாக்சி பெயின்ட், 4 மி.மீ. கண்ணாடி, 25 மி.மீ. அலுமினிய யூ சேனல், சிலிக்கான் சீலன்ட், வெயில் தொட்டியின் அடியில் போட உமி, லிட்மஸ் அல்லது பிஎச் காகிதம்.

இரண்டு விதக் கரி

கருகவைத்த கட்டை எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தால் இங்கேதான் முதல் தவறு நடக்கும். ஆயிலைப் பிடிக்கிற கரி தண்ணீரை ஒட்டவிடாததாக இருக்க வேண்டும். வெயில் தொட்டியில் மிதக்கிற கரி தண்ணீரை விரும்புவதாக இருக்க வேண்டும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் வேலை செய்யாது.

முதலில் வறுத்த கட்டை. ஐந்து கிலோவை ஒன்று, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரும்புச் சட்டியில் மூடிபோட்டு, நிதானத் தீயில் புரட்டிப் புரட்டி வறுக்கவும். காபிக்கொட்டை நிறம் வந்ததும் இறக்கிவிடலாம். இந்தப் பதத்தில் கட்டையின் தண்ணீர் உறிஞ்சும் குணம் போய், ஆயிலைப் பிடிக்கும் குணம் நிற்கிறது. ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்தும் மிதந்தால் பதம் சரி. மூழ்கினால் இன்னும் வறுபட வேண்டும்.

அடுத்து கரி. 200 லிட்டர் பேரலுக்குள் ஒரு சின்ன இரும்பு டிரம் வைத்து, உள் டிரம்மில் மீதி 20 கிலோ கட்டையை அடைக்கவும். ஒரே நடையில் கொள்ளாவிட்டால் இரண்டு மூன்று நடையாகப் போடலாம். உள் டிரம்மின் மூடியில் ஆறேழு துளை போதும். இரண்டு டிரம்முக்கும் நடுவில் விறகு, தென்னை மட்டை போட்டு எரிக்கவும். துளையிலிருந்து முதலில் வெள்ளைப் புகை வரும்; அது ஈரம். பிறகு மஞ்சளாக, கண்ணை எரிக்கிற கனத்த புகை, அது தார். அந்தப் புகையே தீப்பிடித்து எரியும். அது குறைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய நீலமாக மாறியதும் தீயை நிறுத்தி, துளைகளைக் களிமண் பூசி அடைத்துவிடுங்கள். மஞ்சள் புகையிலேயே நிறுத்தினால் கரியில் தார் தங்கி, வடிகட்டிய தண்ணீர் டீ நிறத்தில் வரும்.

மறுநாள் காலை வரை திறக்கக் கூடாது. சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டதும் மொத்தமும் கனன்றுவிடும். திறந்ததும் தண்ணீர் தெளித்து, ஒரு நாள் முழுக்கப் பரப்பி வைத்த பிறகுதான் சாக்கில் கட்ட வேண்டும். புதுக்கரியைச் சாக்கில் குவித்தால் தானே சூடேறும். 20 கிலோ கட்டைக்கு ஐந்து கிலோ, கொஞ்சம் கூடினால் ஆறு கிலோ கரி கிடைக்கும். இடித்துச் சலித்து, 5 முதல் 10 மி.மீ. துண்டை வடிகட்டிக்கும், 2 முதல் 4 மி.மீ. குருணையை வெயில் தொட்டிக்கும் பிரித்து வையுங்கள். அதற்கும் கீழான தூள் வடிகட்டியை அடைக்கும், வேண்டாம்.

வெயில் தொட்டிக் குருணை ஒரு கிலோ போதும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்துப் போல உருண்டு நிற்கும். அந்த நிலையில் அது பயன்படாது. ஒரு கிலோ சலித்த விறகுச் சாம்பலைப் பத்து லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவில் குருணையைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, அதே தண்ணீரில் ஆறவிடவும். சாம்பல் தண்ணீர் மேலே ஒட்டிய தாரைக் கழற்றும். கொதிப்பு, துளைக்குள் அடைபட்ட காற்றை வெளியேற்றும். ஆறும்போது அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். குருணை அடியில் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்தது. வழவழப்புப் போகும்வரை அலசி, தண்ணீருக்குள்ளேயே வைத்திருங்கள். காயவிட்டால் மறுபடி கொதிக்கவைக்க வேண்டும்.

பாலைத் திரியவைப்பது

கழிவுக் கூலன்ட்டை ஒரு டிரம்மில் ஊற்றி இரண்டு நாள் அசையாமல் வைத்தால், கைடுவே ஆயில் மேலே திரண்டு வரும். கரண்டியால் வழித்தெடுங்கள். இரும்புத் துகள் அடியில் தங்கும். நடுவில் இருக்கும் பால் மட்டும் எத்தனை நாள் வைத்தாலும் பிரியாது. ஒவ்வொரு ஆயில் துளியையும் சோப்பு மூடியிருக்கிறது. அந்தச் சோப்பின் மின்னூட்டம் துளிகளை ஒன்றையொன்று நெருங்கவிடாமல் தள்ளுகிறது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் அந்த மின்னூட்டத்தை அடித்துப்போடும்.

எவ்வளவு படிகாரம் என்பது கூலன்ட்டுக்குக் கூலன்ட் மாறும். அதனால் டிரம்மில் கொட்டுவதற்கு முன் பாட்டிலில் பார்த்துவிடுவது அவசியம். அரை லிட்டர் கண்ணாடி பாட்டில் ஐந்தில் கூலன்ட்டை நிரப்பி, லிட்டருக்கு 1, 2, 3, 5, 8 கிராம் என்ற கணக்கில் படிகாரத்தூளைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து விடவும். ஒரு நிமிடம் வேகமாகக் குலுக்கி, பத்து நிமிடம் மெல்லச் சுழற்றி, ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். அளவு போதாத பாட்டில் அப்படியே வெள்ளையாக நிற்கும். சரியான பாட்டிலில் எலுமிச்சை பிழிந்த பால் போல முதலில் சின்னச் சின்னத் திரிதிரியாகத் தெரியும். பிறகு மேலே பழுப்பு வெண்ணெய் ஏறி, கீழே மோர்த்தெளிவு தெரியும். பாட்டிலுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து படிக்க முடிய வேண்டும். தெளிகிற பாட்டில்களில் எதில் படிகாரம் குறைவோ அதுதான் உங்கள் அளவு. கூட்டிப் போட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவு மீறினால் துளிகள் எதிர் மின்னூட்டம் ஏறி மறுபடி கலங்கும்.

இந்த வேலையைக் கூரைக்குக் கீழே செய்யாதீர்கள். நாற்றம் பிடித்த கூலன்ட்டில் படிகாரம் விழுந்ததும் அதில் கரைந்திருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரேயடியாக வெளியே வரும். திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டிரம்முக்குள் தலையைக் குனிந்து பார்க்கக் கூடாது. நாற்றம் திடீரென்று தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

திரிந்ததும் மேலே வந்த ஆயிலை வழித்துவிட்டு, முட்டை ஓட்டுத் தூளைச் சேர்க்கவும். ஓட்டைக் கழுவி, வெந்நீரில் ஒரு கொதி விட்டு, வெயிலில் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, டீ வடிகட்டியில் சலித்திருக்க வேண்டும். அளவு, போட்ட படிகாரத்தின் எடைக்குச் சமம். முட்டை ஓட்டில் 94, 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். படிகாரத்தால் வந்த அமிலத்தை அது மெல்ல மெல்லத் தின்று தண்ணீரை பிஎச் 7 (அமிலமும் இல்லை, காரமும் இல்லை) பக்கம் கொண்டுவரும். சுண்ணாம்பு இதே வேலையை வேகமாகச் செய்யும், ஆனால் ஒரு கை கூடினால் பிஎச் 11, 12 என்று ஏறிவிடும். முட்டை ஓடு எவ்வளவு கூடினாலும் 8-ஐ ஒட்டியே நின்றுவிடும். அளக்கும் கருவி இல்லாத பட்டறைக்கு இதைவிடப் பாதுகாப்பான சரக்கு இல்லை. நுரை பொங்கும், டிரம்மில் கால் பாகம் காலியாக விடுங்கள். அவ்வப்போது கிளறி, ஒரு ராத்திரி வைத்தால் அலுமினியம் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, தப்பிய ஆயிலையும் இழுத்துக்கொண்டு படியும்.

வண்டி கழுவிய சோப்புத் தண்ணீர் போல லேசாகக் கலங்கியதற்குப் படிகாரம் தேவையில்லை. முருங்கை விதைப் பருப்பை அரைத்து லிட்டருக்கு 0.2 முதல் 1 கிராம் வரை பாட்டிலில் சோதித்துப் பாருங்கள். மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் முற்றி விலை போகாத காய் வேண்டிய அளவு கிடைக்கும். விதையின் புரதம் நேர் மின்னூட்டம் உள்ளது, அதனால் படிகாரம் போலவே வேலை செய்கிறது. ஆனால் அந்தப் புரதமே தண்ணீரில் தங்கி அழுகும். இரண்டு நாளுக்குள் தண்ணீரைப் பயன்படுத்திவிட வேண்டும். முழுக் கூலன்ட்டுக்கு முருங்கை விதை தாங்காது.

கரி வடிகட்டி

50 லிட்டர் டிரம்மின் அடியில் அரை அங்குல வால்வு. அதன்மேல் 5 செ.மீ. கூழாங்கல், ஒரு துணி, 15 செ.மீ. கரித்துண்டு, இன்னொரு துணி, 20 செ.மீ. வறுத்த கட்டை. மேலே துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு வைத்து ஒரு கல்லால் அழுத்தவும், இல்லாவிட்டால் கட்டை மிதந்து வரும். முதல் முறை நல்ல தண்ணீர் விட்டு, கரித்தூள் போகும்வரை கழுவிக்கொள்ளுங்கள்.

தெளிந்த தண்ணீரை மணிக்கு 15 முதல் 20 லிட்டர் என்ற வேகத்தில் விடவும். ஒரு லிட்டர் பாட்டில் நிறைய மூன்று, நான்கு நிமிடம் ஆக வேண்டும். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு வேகமாக வடிகிறதே என்று சந்தோஷப்பட்டால், தண்ணீர் கரியைத் தொடாமலேயே ஓடிவிடும். தட்டுக்கு மேல் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். ஒருமுறை வறண்டால் கரிக்கு நடுவே காற்று புகுந்து தண்ணீர் ஒரே வழியில் ஓடத் தொடங்கும்.

வெளியே வரும் தண்ணீரைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வானவில் நிறம் தெரிந்தால் மேலே உள்ள வறுத்த கட்டையை மாற்ற வேண்டும். நிறமில்லாமல் வாசம் மட்டும் வந்தால் கீழே உள்ள கரி தீர்ந்துவிட்டது.

வெயில் தொட்டி

120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம். முன்சுவர் 15 செ.மீ., பின்சுவர் 39 செ.மீ. வைத்தால் கண்ணாடி 15 டிகிரி சாயும். கோவை 11 டிகிரி வடக்கில் இருப்பதால் 11 டிகிரிச் சாய்வே வெயிலுக்குப் போதும். ஆனால் அவ்வளவு படுக்கையாக இருந்தால் கண்ணாடியில் பிடித்த துளி வழிந்தோடாமல் கீழேயே சொட்டிவிடும். தெற்குப் பார்த்து வையுங்கள். சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே போய்விடும். அதற்காகத் தொட்டியைத் திருப்ப வேண்டியதில்லை, இழப்பு கொஞ்சம்தான்.

தகட்டை வெல்டிங் செய்து, உள்ளே இரண்டு கோட் எப்பாக்சி அடிக்கவும். படிகாரம் போட்ட தண்ணீர் வெறும் தகட்டைத் தின்றுவிடும். அடியிலும் பக்கத்திலும் 5 செ.மீ. உமியை பாலித்தீனில் சுற்றி அடையுங்கள். நனைந்த உமி வெப்பத்தைப் பிடிக்காது, புழுவும் வைக்கும். முன்சுவரின் உட்பக்கம், கண்ணாடியின் கீழ் விளிம்புக்கு நேராக யூ சேனல், நீளத்துக்கு ஒரு செ.மீ. சரிவாக. அதிலிருந்து வெளியே வரும் குழாயை யூ போல வளைத்துக் கேனில் விடுங்கள். வளைவில் நிற்கும் தண்ணீர் ஆவியை வெளியே விடாது. பின்சுவரில் நிரப்ப ஒரு வால்வு, 6 செ.மீ. உயரத்தில் ஒரு வழிவுக் குழாய். இது இல்லாவிட்டால் ஒருநாள் மறதியில் நிரப்பும்போது அழுக்குத் தண்ணீர் சேனலுக்குள் ஏறி, வடித்ததெல்லாம் வீணாகும்.

இனி மிதவை. தெர்மோகோலை 56 செ.மீ.க்கு 41 செ.மீ. என்று நான்கு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் பனியன் துணியால் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றித் தைக்கவும். நான்கு பக்கமும் 4 செ.மீ. துணி கீழே தொங்கட்டும். அதுதான் தண்ணீரை மேலே ஏற்றும் திரி. மேலே அரை செ.மீ. கனத்துக்கு ஈரக் குருணையைப் பரப்புங்கள். பசை எதுவும் வேண்டாம். மைதா, மரவள்ளி மாவுப் பசை போட்டால் அந்தச் சூட்டில் இளகிப் புளித்துப் போகும். கனத்தை ஒரு செ.மீ. ஆக்கினால் ஈரத்தோடு மிதவை தாழ்ந்து, குருணை தண்ணீரில் சரிந்துவிடும்.

தொட்டித் தண்ணீரை முழுக்கச் சூடாக்காமல் மேல்தோலை மட்டும் சூடாக்குவதுதான் இந்த மிதவையின் வேலை. 2017-இல் சீனாவின் நான்ஜிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரியாக்கிய காளானை இதே மாதிரி மிதக்கவிட்டு ஆவி எடுத்துக் காட்டினார்கள். தண்டு உறிஞ்சும், குடை வெயில் வாங்கும். நமக்குத் துணி உறிஞ்சுகிறது, மக்காச்சோளக் கரி வெயில் வாங்குகிறது.

மிதவையை முதல்நாள் ராத்திரியே நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் சோம்பல் கூடாது. பருத்தி நூல் முதலில் எதைக் குடிக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் குடித்த நூலில் ஆயில் ஒட்டாமல் வழுக்கிவிடும். உலர்ந்த துணி ஆயில் ஏட்டைத் தொட்டால் அதையே முதலில் உறிஞ்சிவிடும், பிறகு எத்தனை நாள் வெயில் அடித்தாலும் அந்த இடத்தில் தண்ணீர் ஏறாது.

ஓட்டுவது

வடிகட்டிய தண்ணீரைத் தொட்டியில் 5 செ.மீ. உயரம் விட்டு, முதல்நாள் பிற்பகல் கண்ணாடி போடாமல் வெயிலில் விடுங்கள். ஆவியாகக்கூடிய வாசம் அதில் பெரும்பாலும் போய்விடும். மறுநாள் காலை மிதவைகளை இறக்கி, கண்ணாடியை வைத்து, விளிம்பு முழுக்க சீல் செய்யுங்கள். முதலில் வடிகிற ஒரு லிட்டரைக் கழிவு டிரம்மிலேயே திரும்ப ஊற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருவதைக் கேனில் சேர்க்கலாம்.

கண்ணாடியின் உட்பக்கத்தைச் சாம்பலால் தேய்த்துக் கழுவியிருந்தால் ஆவி மெல்லிய படலமாக இறங்கும். எண்ணெய்க் கை பட்டிருந்தால் துளித்துளியாக நின்று வெயிலைத் திருப்பி அடிக்கும், சொட்டவும் செய்யும். தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீலைத்தான். காலையில் பத்து மணிக்கு விளிம்பைச் சுற்றிக் கையை ஓட்டுங்கள். ஈரச்சூடு படும் இடத்தில் ஓட்டை. சீல் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் மிதவையைப் பாருங்கள். குருணை பளபளப்பாகத் தெரிந்தால் ஆயில் ஏறிவிட்டது, வெளிறி உலர்ந்திருந்தால் திரி தண்ணீரைத் தொடவில்லை. வடித்த தண்ணீர் மஞ்சளாகவோ நுரையோடோ வந்தால் அது தொட்டித் தண்ணீர் சேனலில் கலப்பது. அமோனியா போன்ற காரவாசம் கொஞ்சம் வரும். கூலன்ட்டில் உள்ள அமீன் என்ற காரப்பொருள் நீராவியோடு ஏறுவதால் வருவது அது. கேனில் ஒரு துணிப் பையில் கரி போட்டு வைத்தால் குறையும்.

உச்சி வெயிலில் கண்ணாடிமேல் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், விரிசல் விடும். தொட்டியைக் காலியாக வெயிலில் விட்டால் தெர்மோகோல் சுருங்கிவிடும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று 12 கிலோக் கண்ணாடியைச் சும்மா விடாது. நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். அதே காற்று கண்ணாடியைக் குளிரவைப்பதால், மேகம் இல்லாத ஆடி நாளில் தண்ணீர் நன்றாகவே இறங்கும்.

50 லிட்டரில் 5 லிட்டர் மிஞ்சும்போது நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் வற்றவிட்டால் கசடு மிதவையில் ஒட்டும். மிதவைத் துணியை ஒவ்வொரு நடைக்கும் அலசி, இரண்டு நடைக்கு ஒருமுறை குருணையை மாற்றுங்கள்.

வடித்த தண்ணீரை எதற்கு எடுப்பது

குடிக்கக் கூடாது, சமையலுக்கோ மாட்டுக்கோ கூடாது, பேட்டரிக்கும் கூடாது. பளிங்கு மாதிரி இருக்கிறதே என்று யாராவது வாயில் வைத்துவிடாமல் இருக்கக் கேனில் பெரிதாக எழுதி வையுங்கள்.

இதற்கு நேர்த்தியான வேலை, புதுக் கூலன்ட் கலப்பதுதான். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது. போர்த் தண்ணீர் பல இடங்களில் கடுமையான உப்பு. அந்தக் கால்சியமும் மக்னீசியமும் கூலன்ட் சோப்பைத் திரித்து, மேலே பிசுக்கு மிதக்கவிடும். வடித்த தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முழுக்க அதிலேயே கலந்தால் நுரை அதிகம் வரும். கடினத்தன்மை 100 பிபிஎம் (லிட்டருக்கு 100 மி.கிராம்) பக்கம் இருந்தால் கூலன்ட் நன்றாக நிற்கும். உங்கள் போர்த் தண்ணீர் 400 பிபிஎம் என்றால் அதில் ஒரு பங்குக்கு வடித்தது மூன்று பங்கு. கலக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, அதைக் கிளறிக்கொண்டே ஆயிலை விட வேண்டும். ஆயிலில் தண்ணீரை ஊற்றினால் கட்டிகட்டியாக நிற்கும்.

வெளியே விடும் எண்ணம் இருந்தால் ஆய்வகச் சோதனை இல்லாமல் விடாதீர்கள். ஆற்றிலோ நிலத்திலோ விட ஆயிலும் கிரீஸும் லிட்டருக்கு 10 மி.கிராமுக்குள், பொதுச் சாக்கடைக்கு 20-க்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் எடுத்தால் ஆயில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அளவு குறைத்துக் காட்டும்.

மிஞ்சும் கசடு

வழித்த ஆயில், படிகாரப் பஞ்சு, தொட்டியின் கடைசி 5 லிட்டர், ஆயில் குடித்த கட்டை, பழைய குருணை எல்லாம் 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளுக்குள் வருபவை. மூடியுள்ள டிரம்மில் தேதி எழுதி, மழை படாமல் வைத்து, 90 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கட்டைதானே, அடுப்பெரிக்கலாம் என்று பாய்லருக்கோ செங்கல் சூளைக்கோ கொடுக்கக் கூடாது. பல கட்டிங் ஆயில்களில் குளோரின் சேர்ந்த பாரஃபின் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் அது அமிலப் புகையாகவும் டையாக்சின் என்ற கடும் நச்சாகவும் வெளியே வரும். உரக்குழியிலும் போட வேண்டாம்.

எண்ணெய்ச் செக்கு வைத்திருப்பவர்களுக்கு

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆட்டுபவர்களுக்கு டிரம், டின் கழுவிய தண்ணீர்தான் பிரச்சினை. படிகாரம் பெரும்பாலும் வேண்டியிருக்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி, தை மாதங்களில் தண்ணீரைத் திறந்த தொட்டியில் ராத்திரி விட்டு, விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பார்த்தால் மேலே வெள்ளைத் தகடாக நிற்கும், அப்படியே அள்ளிவிடலாம். மற்ற மாதங்களில் வறுத்த கட்டை வடிகட்டியே போதும்.

கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் குடித்த கட்டையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அவை காற்றோடு சேரும்போது சூடு விடும். எண்ணெய் ஊறிய கட்டையையோ துணியையோ ஒரு மூலையில் குவித்துப் போட்டால், அந்தச் சூடு உள்ளேயே தேங்கி, யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் இந்தக் குணம் மிகக் குறைவு. வடிகட்டியிலிருந்து எடுத்ததும் தகர டிரம்மில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, மூடிவையுங்கள்.